தினியேலுவின் பங்குத் தண்ணீர்

அன்புள்ள தினியேலு,

நானும் செலீமாவும் நலம். உன் அப்பாவும் நலம், அவர் கோபமும் நலமாகவே இருக்கிறது. கப்பலில் வந்த உன் கடிதம் கிடைத்தது. போனில் பேசியிருக்கலாம். ஆனால் அலுவலகப் போனில் நான் பேசினால் தீவுக்கே கேட்கும், இந்த விஷயத்தை மெதுவாகப் பேசுவேன் என்ற நம்பிக்கையும் எனக்கில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ இரண்டு காரியம் கேட்டிருக்கிறாய். ஒன்று, மகளைக் கூட்டிக்கொண்டு இதே கப்பலில் ஏறி உன்னிடம் நியூசிலாந்துக்கு, போரிருவாவுக்கு வந்துவிட வேண்டும். இன்னொன்று, நீ இனித் திரும்பப் போவதில்லை என்று பெரியவர்களிடம் சொல்லி, பங்குக் கணக்கிலிருந்து உன் பேரை எடுக்கச் சொல்ல வேண்டும். இரண்டும் முடியாது. முடியாது என்று எழுதிவிட்டு உறையை ஒட்டியிருப்பேன், ஆனால் உனக்குக் காரணம் சொல்லாவிட்டால் தூக்கம் வராதே.

நீ அனுப்பிய பத்திரிகைத் துண்டைப் படித்தேன். நம் டோக்கெலாவ் தீவுகளைக் கடல் விழுங்கப் போகிறதாம். விழுங்குகிறபோது பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்கு நாங்கள்தான் கடலைக் குடித்துக்கொண்டிருக்கிறோம்.

மழை பெய்து மாதக்கணக்காகிறது. வீட்டுத் தொட்டிகளில் தட்டினால் வெறும் சத்தம்தான். நியூசிலாந்துக்காரர்கள் ஓர் இயந்திரத்தை இறக்கி வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிறேன் என்பதால் அதை என் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள். பம்பு கடல்நீரை இழுத்து, மெல்லிய சவ்வுச் சுருளின் மேல் பலமாக அழுத்தும். தண்ணீர் மட்டும் சவ்வைத் தாண்டி வரும், உப்பு இந்தப் பக்கமே நின்றுவிடும். ஒரு லிட்டர் கடலில் ஆறு டீஸ்பூன் உப்பு இருக்கிறது, அதைக் குடித்தால் அந்த உப்பை வெளியேற்றவே குடித்ததைவிட அதிகத் தண்ணீர் உடம்புக்கு வேண்டும் என்று ஏழாம் வகுப்புக்கு வருஷாவருஷம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இப்போது ஊருக்கே சொல்கிறேன், கேட்கிறார்கள். பாத்திரமும் துணியும் கடலில்தான். சோற்றில்கூட ஒரு பங்கு கடல், மற்றது நல்ல தண்ணீர். உப்புப் போட வேண்டிய வேலை மிச்சம்.

மீனைப் பிரிக்கிற மாதிரியே தண்ணீரையும் பிரிக்கிறோம். கரையில் வாளிகளை வரிசையாக வைத்து, உன் அப்பா வீடுவீடாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். பெரியவர், குழந்தை, படுத்த படுக்கையாகக் கிடப்பவர் எல்லோருக்கும் ஒரே அளவு, ஆளுக்கு அரை வாளி. அயலூர் போனவர் திரும்பி வருவேன் என்று சொல்லிப் போயிருந்தால் அவர் பேரும் கணக்கில் நிற்கும். உனக்குத் தெரியாததா?

வினை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அன்றைக்கு யாரும் வேலை செய்யக்கூடாது, சரி. இயந்திரமும் செய்யக்கூடாது என்று உன் அப்பா சொல்லிவிட்டார். சரி மாமா, நிறுத்துகிறேன், ஆனால் நிறுத்துவதற்கு முன் நல்ல தண்ணீர் விட்டு உள்ளே கழுவ வேண்டும், பத்து வாளி கொடுங்கள் என்றேன். கடல்நீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் எத்தனையோ இருக்கின்றன. ஓடுகிற நீரில் அவை போய்விடும். இந்த வெயிலில் குழாய்க்குள் தேங்கினால் சவ்வின் மேலேயே குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிடும். யார் கேட்டார்கள்? “புள்ளைங்க நாக்கு வறண்டு கெடக்குது, நீ இரும்புக்குத் தண்ணி காட்டணும்ங்கறியா?” என்று மாமா சத்தம் போட்டார். பக்கத்து வீட்டு வாயேலுவா தன் பங்குக்கு, “டீச்சரம்மா, குளிப்பாட்டித் தாலாட்டும் பாடுவீங்களோ?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை திறந்தால் அழுகின முட்டை நாற்றம். தண்ணீர் பாதிதான் வந்தது, புதன்கிழமைக்குள் அதுவும் நூலாகிவிட்டது. மாற்றுச் சவ்வு ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதைப் போட்டேன். அதுவும் போனால் குடும்பம் குடும்பமாக ஏற்றிக்கொண்டு போக ஆப்பியா துறைமுகத்தில் ஏற்பாடு தயார் என்று நியூசிலாந்து அதிகாரி போனில் சொன்னார். சில வீடுகளில் பாயைச் சுருட்டவும் தொடங்கிவிட்டார்கள். அந்தச் சத்தம் என் காதில் விழுந்தபோது எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்த சனிக்கிழமை பெரியவர்கள் கூடி, ஞாயிறு ஓட்டவும் கூடாது, கழுவத் தண்ணீரும் கிடையாது, மழைக்கு ஜெபிப்போம் என்று முடித்துவிட்டார்கள். மாலையில் பங்கு பிரித்தார்கள். மாமா வழக்கம்போல “லோசா, செலீமா, தினியேலு” என்று கூப்பிட்டார். எங்கள் இருவர் பங்கையும் வாங்கி வைத்தேன். உன் வாளியை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: “மாமா, உங்க புள்ள இங்க இல்ல. இந்தத் தண்ணியக் குடிக்க வாயில்ல. இது மெஷினுக்கு. எம் புருஷன் பங்கு, நான் ஊத்தறேன். யார் தடுக்கறாங்கன்னு பாக்கறேன்.”

யாரும் தடுக்க வரவில்லை. ஏன் என்று உனக்குப் புரிந்திருக்கும். இங்கே எந்த வீட்டில் அப்படி ஒரு பேர் இல்லை? வருவான், வருவாள் என்று சொல்லிச் சொல்லியே எத்தனை அரை வாளி வாங்கியிருக்கிறோம்! நான் இயந்திரத்தின் மூடியைத் திறந்துவிட்டேன். மாமா முகம் கறுத்துப் போயிற்று. அடிப்பாரோ என்றுகூட நினைத்தேன். அடித்தாலும் ஊற்றிவிட்டே அடி வாங்குவது என்று நின்றேன்.

முதலில் அசைந்தது வாயேலுவாதான், அந்தத் தாலாட்டுக்காரி! “எம் பசங்க ரெண்டும் ஆக்லாந்துல பீர் குடிக்குதுங்க, அதுங்களுக்கு எதுக்குத் தண்ணி?” என்று ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்தாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், கண் மட்டும் சிரிக்கவில்லை. அப்புறம் ஒவ்வொரு வீடாக வந்தது. கடைசியில் மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, இல்லாதவர்கள் பேரைத் தனியாக முதலிலிருந்து கூப்பிட்டார். உன் பேரை மறுபடியும் சொன்னார். பத்து வாளிக்கு மேலேயே சேர்ந்துவிட்டது. கழுவும்போது குழாயைப் பிடித்துக்கொண்டவர் உன் அப்பாதான். “நாளைக்கு இதத் தொட்ட, தெரியும் சேதி” என்று மிரட்டியும் விட்டுப் போனார்.

திங்கட்கிழமை தண்ணீர் முழுசாக வந்தது. நாற்றமில்லை. சுருட்டிய பாய்களை மறுபடி விரித்துவிட்டார்கள்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலம் வருகிறது. இயந்திரம் வெளியே தள்ளுகிற உப்புநீர் கடலைவிடக் கரிக்கும். அதைத் தகரத்தட்டில் காயவைத்து நானும் என் வகுப்புப் பிள்ளைகளும் எடுத்த உப்பு. கடையில் வாங்குகிறதைவிடக் கொஞ்சம் கசக்கும், தாங்கிக்கொள். நானும் எத்தனையோ தாங்கிக்கொள்கிறேன்.

கப்பல் நாளைக் காலை கிளம்புகிறது. எங்களுக்கென்று நீ சொல்லிவைத்த இரண்டு இடமும் காலியாக வரும். செலீமா இங்கேதான் படிப்பாள், நான் இங்கேதான் கற்பிப்பேன். எங்களைக் கிளப்பக் கடலுக்கே இன்னும் முடியவில்லை, உன் கடிதத்துக்கா முடியும்?

ஒன்று கவனித்தாயா? நீ இங்கே இல்லை என்றுதான் ஊர் முன்னால் சொன்னேன். வரமாட்டாய் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் நீயே வந்து, கரையில் நின்று, உன் அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல். அதுவரை சனிக்கிழமைதோறும் இயந்திரத்தைக் கழுவ அவர் உன் பேரைக் கூப்பிடுவார், நான் வாளியோடு போய் நிற்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். அந்தக் குளிரில் நெஞ்சை மூடிக்கொண்டு போ. கடவுள் உன்னைக் காக்கட்டும். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும், வந்து உன் பங்கை உன் கையால் வாங்கிக் குடி.

இங்கேயே இருக்கும்,
உன் லோசா