மடுவத்துச் சுவரில் உன் படம்

இன்று பிள்ளை மடுவத்து அலமாரியை ஒதுக்கும்போது உன் கொப்பி கையில் பட்டது. திறக்கும் முன்பே ரப்பர் பால் காய்ந்த நாற்றம் மூக்கில் ஏறியது. பால் வெட்டி, நிறுத்துக் கொடுத்துவிட்டு, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடி வந்து உட்காருவாயே, அந்த நாற்றம். வேலைக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் அந்த அறையில், பகல் இரண்டு மணிக்கு, தொட்டில்களுக்கு நடுவே நான் நடத்திய வாசிப்பு வகுப்பில் நீ இருபது பக்கம் எழுதியிருக்கிறாய். அடுத்த பக்கத்தில் ஒன்றும் இல்லை. தரையில் உட்கார்ந்து அழுதேன்.

நாம் ஒரே லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். இரண்டாம் வகுப்புப் பாதியில் தம்பியைப் பார்த்துக்கொள்ள உன்னை நிறுத்தினார்கள். எனக்குத் தம்பி இல்லை, அதனால் படித்தேன். நமக்குள் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான். நான் டீச்சரானேன், நீ பால் வெட்டப் போனாய். உனக்கு எழுத்துத் தெரியாது என்பதைத் தோட்டத்தில் ஒருவருக்கும் காட்டாமல் நாற்பது வருடம் ஓட்டிவிட்டாயே, அது லேசான காரியமா? தெஹியோவிட்ட வங்கியில் படிவத்தை நீட்டினால், "கண்ணாடிய கெனாவே நே, மாத்தயா" என்று சிங்களத்தில் ஒரு போடு போடுவாய். கண்ணாடி எடுத்து வரவில்லையாம். உனக்கு ஏது கண்ணாடி? பக்கத்தில் நின்று நான் சிரிப்பை அடக்கிக்கொள்வேன்.

உன் மகள் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன பிறகு அந்தச் சாமர்த்தியம் பலிக்கவில்லை. வீட்டுக்காரி பக்கத்திலேயே இருப்பாள் என்று அவள் போனில் நாலு வார்த்தைக்குமேல் பேசமாட்டாள். மனதில் உள்ளதை எழுதித்தான் அனுப்புவாள். ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வருவாய். நான் வாசிப்பேன், நீ சொல்லும் பதிலை எழுதுவேன். கை வெந்தது, பட்டினி போட்டது எல்லாவற்றையும் நான் தாண்டிப் போய்விடுவேன். நீ தாங்கமாட்டாய் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

ஒருநாள் போனைப் பிடுங்கிக்கொண்டாய். "நீ முழுங்கி முழுங்கி வாசிக்கிற. எம்புள்ள எனக்கு எழுதுனத நீ என்னாத்துக்குடி வடிகட்டுற? எனக்கு எழுத்தச் சொல்லிக்குடு, நானே பாத்துக்கிறேன்."

அப்படித்தான் வகுப்பு தொடங்கியது. நீ கேட்டது ஒன்றே ஒன்று. "வெளிய தெரிய வேணாம். மடுவத்துல ஒதவிக்கு வர்ற மாதிரி வந்துட்டுப் போறேன்." வந்த மற்ற ஆறு பேரும் உன் மாதிரிதான். அவர்கள் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே போகவில்லை. நான்தான் போட்டுடைத்தேன்.

வகுப்புக்குக் கொப்பியும் பென்சிலும் தந்த தொண்டு நிறுவனத்தார் முன்னேற்றத்தைக் காட்டச் சொன்னார்கள். ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கலாம். நான் பெரிய கெட்டிக்காரி அல்லவா? பிரிஸ்டல் போர்ட் அட்டை வாங்கி, ஏழு பேரின் படத்தையும் ஒட்டி, கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு வந்தவர்களுக்கு நட்சத்திரம் குத்தினேன். உன் படத்தின் கீழே கைநாட்டு மட்டும். பக்கத்தில் "விரைவில்" என்று அழகாக எழுதி, சுவரில் ஒட்டினேன். விடிந்தால் தோட்டத்துப் பெண்கள் அத்தனை பேரும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் சுவர் அது. அந்த மடுவத்திலேயே வளர்ந்த எனக்கு அது உறைக்கவில்லை.

மறுநாள் காலையில் ஒரு சின்னப்பெண் உன்னைப் பார்த்துக் கேட்டாளாம்: "பெரியம்மா, ஒங்களுக்குக் கண்ணுதானே தெரியாதுன்னீங்க?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். அன்று பகல் நீ வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

உன் லயத்துக்கு வந்தேன். "வாங்க டீச்சர், உக்காருங்க" என்றாய். பிறந்ததிலிருந்து என்னை "அடியே" என்று கூப்பிட்டவள். ஸ்டூலைத் துடைத்துப் போட்டாய், தேத்தண்ணி கொடுத்தாய். நான் மன்னிப்புக் கேட்டேனா? "ஒன்ன ஊக்கப்படுத்தத்தானே செஞ்சேன்" என்று வியாக்கியானம் பேசினேன். "கண்ணு சரியில்லீங்க டீச்சர்" என்றாய். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அன்றே போர்டைக் கழற்றினேன். கழற்றி என்ன? ஞாயிற்றுக்கிழமைகளிலும் நீ வரவில்லை. மழை பிடித்தது, எலிக்காய்ச்சல் வந்தது, நாலே நாளில் ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது.

காரியம் முடிந்த மறுநாள் உன் மகள் என்னைக் கூப்பிட்டாள். அழுது அழுது குரல் கம்மிப் போயிருந்தது. "சித்தி, அம்மாவுக்கு ஒண்ணு எழுதுனேன். பாத்துட்டதா நீலக் கோடு விழுந்துச்சு. பதிலே வரல."

உன் லயத்துக்குப் போய் உன் போனை எடுத்துப் பார்த்தேன். அது நீ வகுப்பை விட்டு மூன்றாவது வாரம் வந்திருக்கிறது. "அம்மா, என்னால முடியல. வீட்டுக்கு வந்துரவா?"

"நான் வரக் கூடாதுன்னு நெனைக்கிறாங்கன்னு பேசாம இருந்துட்டேன் சித்தி" என்றாள்.

எதையும் விழுங்காமல் சொன்னேன். உனக்கு இன்னும் வாசிக்க வராது, இதுவரை வாசித்தது நான், பதில் எழுதியது நான், தாண்டிப் போனது நான், சுவரில் ஒட்டியது நான் என்று. எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, "அப்ப அம்மா வேணாம்னு சொல்லல" என்றாள்.

"சொல்லல, புள்ள."

வகுப்பு இன்னும் நடக்கிறது. யார் வருகிறார்கள், எதை வாசிக்க வருகிறார்கள் என்பது அவர்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். ஒவ்வொருத்தியிடமும் கேட்டுத்தான் பாடம் எடுக்கிறேன். உன் உயிர் போன பிறகு வந்த புத்தி.

உன் மகள் கூப்பிட்ட அன்று உன் போனிலிருந்து அவளுக்கு "வா" என்று எழுத விரல் போனது. நீ அதைத்தான் சொல்லியிருப்பாய், எனக்குத் தெரியாதா? ஆனாலும் உன் போனை அணைத்துவிட்டேன். உன் பெயரில் நான் எழுதியது போதும். என் வாயால், "சித்தி கூப்பிடுறேன், வந்துரு" என்று மட்டும் சொன்னேன். அடுத்த வாரம் வருகிறாள். அவள் எதிர்பார்த்தது உன்னிடமிருந்து ஒரு சொல். அதை அவளுக்குக் கொடுக்க இனி யாராலும் முடியாது.