பெர்சிஸ், பி.ஏ.

பாளையங்கோட்டை
5.2.2024

என் அருமை மகள் ஜெசிக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் நலம். உன் நலமும் மாப்பிள்ளை பெனோவின் நலமும் வேண்டுகிறேன். விமானச் சீட்டு கிடைத்தது. ஜப்பானில் நீ இருக்கும் ஒகினாவாத் தீவின் சுண்ணாம்புப் பாறைகளைப் படத்தில் கண்டேன். மழைநீரே அவற்றைக் கரைத்து ஊசி முனைகளாக நிறுத்தியிருக்கிறது என்று நூலகத்தில் வாசித்தறிந்தேன். அந்த நடைபாதைகளில் உன்னோடு நடக்க விருப்பமே.

ஆயினும், பட்டம் பெற்றவளாக நடந்துகொள்ளும்படி தொலைபேசியில் நீ கேட்டதற்கு இசைவதற்கில்லை. உன் திருமண அழைப்பிதழில் என் பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று அச்சிடச் செய்தாய். அச்சகத்தில் இருபத்தோர் ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்தும் எனக்கு அந்த ஒரு மெய்ப்பை மட்டும் நீ காட்டவில்லை. நான் கண்டபோது பாதி அழைப்பிதழ்கள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டன. கல்யாணத்துக்குப் பங்கம் வருமோ என்று வாய்மூடினேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான்; மற்றவை நானே கற்றவை. உன் மாமியார் கேட்டால் பொய்யுரைக்க மாட்டேன்; அதற்கு வராமலிருப்பதே மேல்.

உன் தாய்,
பெர்சிஸ்

ஒகினாவா
19.2.2024

அன்புள்ள அம்மா,

நீங்க எழுதுத தமிழுக்குப் பதில் எழுதவே பயமா இருக்கு. அத்தை வந்து இறங்கிட்டாங்க. நீங்க வரலைன்னா ஏன்னு கேப்பாங்க. காலேஜ்ல புவியியல் நடத்துனவங்க. அந்தப் பாறையெல்லாம் பாத்தா பேச்சு படிப்புக்குத்தான் போகும். பெனோவுக்கே உண்மை தெரியாதும்மா. ரெண்டு வருஷமா மறைச்சவள்னு ஆயிட்டா இந்த வீட்டுல எனக்கு என்ன மரியாதை? நீங்க பொய் சொல்ல வேண்டாம். சிரிச்சுட்டு நடந்தாப் போதும். வாங்கம்மா.

ஜெசி

பாளையங்கோட்டை
2.4.2024

அன்பு மகளுக்கு,

சுகமாக ஊர் வந்து சேர்ந்தேன். முழங்கால் வலி தணிந்துவிட்டது. மற்றொன்று தணியவில்லை.

அந்தப் பாறைப் பாதையின் வளைவில் சம்பந்தியம்மாள், "பைய வாங்க, கல்லு கத்தி மாதிரி இருக்கு" என்று என் கையைப் பிடித்தார்கள். பிடித்தபடியே, "பி.ஏ. எதுல பண்ணுனீங்க? கேக்கணும்னே இருந்தேன்" என்றார்கள். முன்னே போன நீ திரும்பினாய். அந்த முகத்தை என்னால் தாங்க இயலவில்லை. "தமிழ்" என்றேன். "அதான் பேச்சே புஸ்தகமா இருக்கு" என்று சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பாதை முடியும்வரை அவர்கள் என் கையை விடவேயில்லை.

நானே தேடிக் கற்ற தமிழை, யாரோ கற்பித்ததாக ஒப்புக்கொடுத்துவிட்டேன்.

சம்பந்தியம்மாளுக்கு எழுதிய கடிதம் இத்துடன் இருக்கிறது. அச்சிடச் சொன்னது யார் என்று அதில் இல்லை. பாதையில் பொய் சொன்னவள் நான் என்பது மட்டுமே இருக்கிறது. உறையை ஒட்டவில்லை. வாசித்து அவர்கள் கையில் கொடு; அல்லது கிழித்துப்போடு. எதைச் செய்தாய் என்று கேட்க மாட்டேன். ஆனால், அவர்களிடமிருந்து எனக்குப் பதில் வரும்வரை உன் வீட்டுக்கு வரவும் மாட்டேன்.

பெர்சிஸ்

ஒகினாவா
18.4.2024

அம்மா,

உறையை ரெண்டு நாள் துணி அலமாரியில வச்சிருந்தேன். இன்னைக்குக் காலையில அத்தைகிட்ட கொடுத்துட்டேன். கொடுக்கும்போதே, கல்யாண அட்டையில பி.ஏ. போடச் சொன்னது நான்தான்னு சொல்லிட்டேன். அவங்க கண்ணாடியை எடுத்துட்டு ஜன்னல் பக்கம் போய் உக்காந்தாங்க.

நான் அடுப்படியில நின்னு இதை எழுதுதேன். முதல் பக்கம் முடிஞ்சிட்டு. திருப்புதாங்க.

இப்போ பெனோவைக் கூப்பிடுதாங்கம்மா. நானும் போறேன்.

ஜெசி