பன்னிரண்டாவது பை

செப்டம்பர் 1, திங்கள்

இன்று கடைக்கு மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் மாடியில் இருக்கும் பல் டாக்டரைத் தேடி வந்தவர். இன்னொருவர் மணி கேட்டார். மூன்றாமவர் கையில் பையைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டேன். மழைக்கு ஒதுங்கினாராம். மழை விட்டதும் பையோடு போய்விட்டார்.

பை தொழிற்சாலையில் இருபது வருஷம் ஜிப் தைத்தவன் நான். தொழிற்சாலை வேறு ஊருக்குப் போனது, நான் போகவில்லை. பை ரிப்பேர் கடை போட்டு இன்றோடு ஐந்து மாதம். முதல் நாளே அட்டையில் டோக்கன் வெட்டினேன், ஒன்றிலிருந்து ஐம்பது வரை. தினமும் ஒன்றிலிருந்துதான் தொடங்குவேன். ஆறுக்கு மேலுள்ள டோக்கன்கள் இன்னும் வெட்டிய வாசனை போகாமல் புதுசாக இருக்கின்றன.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு மச்சான் வந்திருந்தார். என் மனைவியின் அண்ணன், கிடங்கு வைத்திருப்பவர். அங்கே வாசலில் காவலுக்கு உட்கார எனக்கு ஒரு நாற்காலி தயாராக இருக்கிறதாம்.

“மாப்ளே, விசில்கூட வாங்கி வெச்சுட்டேன்.”

எனக்கு விசில் ஊதத் தெரியாது என்றேன். “வந்து பழகிக்கலாம்” என்றார். நல்ல மனுஷன்தான். அதனாலேயே கோபப்படவும் முடியவில்லை.

கடைசியில் ஒரு பந்தயம் மாதிரி ஆகிவிட்டது. இந்த மாதம் முடிவதற்குள் ஒரே ஒரு நாள், பன்னிரண்டு பேர் பையோடு வந்துவிட்டால் அவர் இனிமேல் பேச்சே எடுக்க மாட்டார். வராவிட்டால் அக்டோபர் ஒன்றாம் தேதி விசில்.

“அதென்ன மச்சான் பன்னிரண்டு?”

“பத்துன்னா நீங்க எப்படியாவது ஆள் பிடிச்சிருவீங்க. வீட்டு ஆளுங்க கணக்கில்ல, சொல்லிட்டேன்.”

மனைவி தன் கைப்பையிலிருந்து சில்லறை எடுத்துக்கொண்டிருந்தாள். ஜிப் பிய்ந்துபோய் ரெண்டு வருஷமாக ஊக்கு போட்டு மூடுகிற கைப்பை. மச்சான் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

மகள் இன்றிலிருந்து விளம்பர மேனேஜர். பதினோராம் வகுப்பு படிக்கிறாள். சம்பளம் கிடையாது, ஆனால் அதிகாரம் நிறைய.

“காசு குடுத்து விளம்பரம் பண்ண யாரால வேணா முடியும்பா. காசில்லாம பண்ணத்தான் மூளை வேணும்.”

அந்த மூளை வீட்டில் யாருக்கு இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

செப்டம்பர் 4, வியாழன்

முதல் திட்டம்: அம்புக்குறி. கடை சந்துக்குள் இருப்பதால் யாருக்கும் தெரிவதில்லை. மெயின் ரோட்டு முனையிலிருந்து கடை வரை நடைபாதையில் சாக்பீஸால் அம்பு போட்டோம். ஒவ்வொரு அம்புக்கும் பக்கத்தில் ஒரு குட்டிப் பை. நான் வரைந்த பைகள் பூசணிக்காய் மாதிரி இருப்பதாக மகள் சொல்லி, கடைசிப் பத்தை அவளே வரைந்தாள்.

குனிந்து குனிந்து இடுப்பு போச்சு.

செப்டம்பர் 5, வெள்ளி

சந்துப் பிள்ளைகள் நல்ல மனசுக்காரர்கள். அம்பு பாதியில் நிற்கிறதே என்று மாடிப்படி ஏறிப் பல் டாக்டர் கதவு வரை வரைந்து முடித்திருக்கிறார்கள். டாக்டரம்மா கீழே இறங்கி வந்து, “ரொம்ப தேங்க்ஸ் சார், இன்னைக்கு புதுசா நாலு பேர்” என்றார்.

எனக்கு ரெண்டு டோக்கன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

வீடியோ எடுத்தாள். நாற்பது நொடி. “சிரிச்சுப் பேசுங்கப்பா” என்றாள். பார்த்தேன். பிரேதப் பரிசோதனை அறிக்கை படிப்பவன் மாதிரி ஜிப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நடுவில் ஒரு முறை சிரிக்கிறேன், அது இன்னும் பயமாக இருக்கிறது.

ராத்திரி பார்த்தபோது இருபத்தாறு பேர் பார்த்திருந்தார்கள். அதில் பத்தொன்பது முறை நான்.

செப்டம்பர் 10, புதன்

டாக்டரம்மா நன்றிக்கடனாக மாடிப்படியில் ஒரு சின்ன அட்டை மாட்ட விட்டார். “காத்திருக்கும் நேரத்தில் உங்கள் பை ஜிப்புக்கு மெழுகு இலவசம்.” இறுகிப்போன ஜிப்பில் மெழுகுவத்தித் துண்டைத் தேய்த்தால் வெண்ணெயாக ஓடும். ஒரு மெழுகுவத்தி நூறு ஜிப்புக்கு வரும். செலவில்லாத உபகாரம்.

ஏழு பேர் நீட்டினார்கள். ஏழு பேருக்கும் ஜிப் ஓடியது, ஏழு பேருக்கும் சந்தோஷம். நாலு பேரிடம் சொல்லுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டேன். தலையை ஆட்டினார்கள். பல் பிடுங்கிவிட்டு இறங்கியவர்கள், எல்லோர் வாயிலும் பஞ்சு.

மெழுகு கணக்கில் வராது என்று மகள் கறாராகச் சொல்லிவிட்டாள். டோக்கன்: மூன்று.

செப்டம்பர் 12, வெள்ளி

இன்று நடந்ததை எப்படி எழுதுவது.

மகளின் அடுத்த திட்டம் துண்டுச்சீட்டு. ரிப்பேர் முடிந்த பையின் உள்பாக்கெட்டில் ஒரு சீட்டு வைத்துவிட்டால், வாடிக்கையாளர் பிறகு ஒரு நாள் எதேச்சையாகப் பார்த்து நம்மை நினைப்பார். அச்சடிக்கக் காசு ஆகுமே என்று அவளே தன் குண்டுக் கையெழுத்தில் எழுதினாள். “மீண்டும் சந்திக்க ஆவலோடு காத்திருக்கிறோம்.” கீழே போன் நம்பர். மிஷின் சத்தத்தில் எனக்கு போன் மணி கேட்காது என்பதால் மனைவியின் நம்பர். சீட்டு சின்னது, கடைப் பெயருக்கு இடமில்லை. பேனாவால் ஓரத்தில் ஒரு பூ போட மட்டும் இடம் இருந்திருக்கிறது.

ஆபீஸ் போகும் ஒரு மனிதரின் தோள்பையில் ஒரு சீட்டு போனது. அதை எடுத்தது அவர் மனைவி.

காலை பத்து மணிக்கு என் மனைவிக்கு போன். “யாரும்மா நீ? எத்தனை நாளா நடக்குது இது?” என் மனைவிக்கு ஒன்றும் புரியாமல், “அஞ்சு மாசமா” என்று கடையை நினைத்து உண்மையைச் சொல்லியிருக்கிறாள்.

பதினொன்றரைக்கு அந்த அம்மா ஒரு கையில் பையையும் இன்னொரு கையில் கணவரையும் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார். பாவம், கணவர்தான் வழி காட்டியிருக்கிறார். “இங்கதான் ஜிப் போட்டேன், நம்பு, இவர்கிட்ட கேளு.” நான் மீதமிருந்த முப்பது சீட்டையும் எடுத்து மேஜையில் பரப்பினேன். எல்லாவற்றிலும் பூ. அந்த அம்மா வரிசையாகப் பார்த்தார். முகம் தளர்ந்தது. பிறகு, “ஜிப் போட்டேன்னு இவர் சொன்னப்ப நான் நம்பல. பழைய ஜிப் மாதிரியே இருந்துச்சு. எங்க போட்டீங்கன்னே தெரியல” என்றார்.

சண்டைக்கு வந்தவர் வாயிலிருந்து வந்த பாராட்டு. இருபது வருஷ அனுபவம் பேசுகிறது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

மனைவியிடம் இதைச் சொன்னபோது அவள் நிமிரவில்லை. “தெரியவே தெரியாதபடி தெச்சா, நீங்க தெச்சதுன்னு யாருக்குங்க தெரியும்?” என்றாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

பொறாமை என்று விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 15, திங்கள்

மானம் போன நாள்.

மருந்துக் கம்பெனி பிரதிநிதி ஒருவர், முப்பது வயதிருக்கும், டாக்டரம்மாவைப் பார்க்க வந்தவர். பெரிய கருப்புப் பை. ஜிப் மேலிருந்து கீழ் வரை வாய் பிளந்து மாத்திரை அட்டைகள் எட்டிப் பார்க்கின்றன. “அண்ணே, இருபது நிமிஷம்தான் இருக்கு. இன்னைக்கு இன்னும் எட்டு கிளினிக் போகணும்.”

அவ்வளவு நீளத்துக்குக் கருப்பு ஜிப் இல்லை. நீலம் இல்லை. பழுப்பு இல்லை. இருந்தது ஒரே சுருள், ஆரஞ்சு. எவனோ குழந்தைகள் மழைக்கோட்டுக்கு என்று சொல்லி என் தலையில் கட்டியது. கருப்புப் பையில் ஆரஞ்சு ஜிப்! தொழிற்சாலையில் இப்படித் தைத்திருந்தால் சூப்பர்வைசர் என்னையும் சேர்த்துத் தைத்திருப்பார்.

வேறு வழியில்லை, தைத்தேன். அவர் பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “என்னண்ணே இது, ட்ராஃபிக் போலீஸ் பை மாதிரி.”

“ரெண்டே நாள் பொறுங்க தம்பி, கருப்பு வந்ததும் சும்மாவே மாத்தித் தர்றேன்.” அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சந்தில் எவ்வளவு தூரம் போனாலும் அந்த ஆரஞ்சு மட்டும் தெரிந்துகொண்டே இருந்தது.

செப்டம்பர் 17, புதன்

கருப்பு ஜிப் வாங்கி வைத்துவிட்டேன். ஆள் வரவில்லை. என்னைத் திட்டிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுகிறார் போல.

செப்டம்பர் 19, வெள்ளி

வந்தார். கருப்பு ஜிப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். “ஐயோ, மாத்தாதீங்கண்ணே!” என்று பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

போகிற கிளினிக்கில் எல்லாம் பத்து பேர் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். கண்ணுக்கு முன்னால் கருப்புப் பையில் ஆரஞ்சு கோடு. “என்ன இது?” என்று கேட்கிறார்கள். இவர் சொல்கிறார். “டாக்டருங்களுக்கு என் பேர் ஞாபகம் இருக்காதுண்ணே. இப்ப ‘ஆரஞ்சு பையா, உள்ள வா’ங்கறாங்க.”

அவர் சொன்னதைக் கேட்டு வந்தவர்கள் ரெண்டு பேர் அப்போதே கடை வாசலில் நின்றிருந்தார்கள். நான் கருப்பு ஜிப்பைக் கையில் பிடித்தபடி மாலை போட வந்தவன் மாதிரி நின்றேன்.

டோக்கன்: ஆறு.

செப்டம்பர் 20, சனி

சாப்பிடும்போது மகள் தீர்ப்புச் சொன்னாள்: இனி எல்லாப் பைக்கும் ஆரஞ்சு ஜிப்.

முடியாது என்றேன். சத்தமாகவே சொன்னேன். தைத்தது தெரியாமல் தைப்பதுதான் தொழில். தெரிகிற மாதிரி தைக்க நான் எதற்கு? வேற வேலை இல்லையா எனக்கு — விசில் ஊதப் போறேன், விடுங்க!

மனைவி என் தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே, “ஜிப்பு உங்க இஷ்டப்படி தெரியாமலே இருக்கட்டும். ரன்னர்ல புடிச்சு இழுக்க ஒரு நாடா கட்டுவீங்கல்ல, அது மட்டும் ஆரஞ்சா இருக்கட்டுமே. பிடிக்காதவங்க அவுத்துப் போட்டுட்டுப் போறாங்க” என்றாள்.

ரன்னர் என்றால் ஜிப்பில் ஓடுகிற அந்தச் சின்ன உலோகத் துண்டு. விரல் நீள நாடா. சுருளிலிருந்து வெட்டிக்கொள்ளலாம், தனிச் செலவில்லை. எனக்கு ஏன் தோன்றவில்லை?

அன்றைக்கு அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னதும் இவள்தான். பொறாமையாம். எனக்கு வேண்டும்.

செப்டம்பர் 23, செவ்வாய்

ஒவ்வொருவரிடமும் கேட்டுத்தான் கட்டுகிறேன். ஒரு வக்கீல் மட்டும் கோர்ட்டில் எடுபடாது என்று மறுத்தார். மற்றவர்கள் சரி என்கிறார்கள். ஒரு பாட்டு டீச்சர் மூன்று பாக்கெட்டுக்கும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

டோக்கன்: ஏழு. ஏழாம் நம்பர் அட்டை முதல் முறையாக வெளியே போனது.

செப்டம்பர் 26, வெள்ளி

ஒன்பது! பஞ்சு எடுத்தாகிவிட்டது என்று நினைக்கிறேன். மெழுகு தேய்த்துக்கொண்ட ஒரு அம்மா, வாய் நிறையப் பேசிக்கொண்டே தங்கையையும் தங்கையின் சூட்கேஸையும் கூட்டி வந்தார்.

செப்டம்பர் 29, திங்கள்

பத்து. நாளைதான் கடைசி. மகள் பதினொன்று, பன்னிரண்டு நம்பர் அட்டைகளை எடுத்து முன்னால் வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

செப்டம்பர் 30, செவ்வாய்

மத்தியானத்துக்குள் ஏழு. நாலு மணிக்குப் பத்து. ஐந்தே காலுக்கு ஒரு பள்ளிக்கூடப் பை, பதினொன்று. அதற்குப் பிறகு சந்து காலி. ஒரு பூனை வந்தது. அதனிடம் பை இல்லை.

ஏழு மணிக்கு மச்சான் வந்து உட்கார்ந்தார். டோக்கனை எண்ணிப் பார்த்தார். “பதினொண்ணா! பரவாயில்லையே மாப்ளே” என்றார், மனசாரத்தான். ஆனால் சட்டைப் பையில் விசில் கயிறு தொங்கியது. ஏழரைக்கு ஷட்டரை இறக்க எழுந்தேன். எத்தனை தடவை இறக்கியிருப்பேன், இன்று அந்தக் கொக்கி கைக்குக் கிடைக்கவே இல்லை.

அப்போது மனைவி வந்தாள். வேலையிலிருந்து நேராக. மேஜை மேல் தன் கைப்பையை வைத்தாள். ஊக்கைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள்.

“ஜிப் போடணும். எத்தனை நாளாகும்?”

நான் மச்சானைப் பார்த்தேன்.

“ஏய், வீட்டு ஆளுங்க கணக்கில்லன்னு சொன்னேன்ல?” என்றார் மச்சான்.

“வீட்டு ஆளா நானும் ரெண்டு வருஷம் கேட்டுப் பாத்துட்டேண்ணா. நாளைக்கு, நாளைக்குன்னுதான் பதில். அதான் இன்னைக்கு கஸ்டமரா வந்திருக்கேன்.” என் பக்கம் திரும்பினாள். “டோக்கன் குடுங்க.”

மச்சான் என்னைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், ஊக்கைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். “இதுக்கு மேல நான் என்னத்தப் பேச. குடுங்க மாப்ளே, டோக்கனைக் குடுங்க.”

பன்னிரண்டாம் நம்பரைக் கொடுத்தேன். அவள் அதை வாங்கிக்கொண்டு, மற்ற வாடிக்கையாளர்களைப் போலவே பெஞ்சில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாளைக்கு வா என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. இருபத்தைந்து நிமிடம். பழுப்புப் பைக்குப் பழுப்பு ஜிப், என் வாழ்நாளில் தைத்ததிலேயே நேரான தையல். தைத்த இடம் அவளுக்கே தெரியவில்லை.

நாடாவை அவளே தேர்ந்தெடுத்தாள். இருந்ததிலேயே நீளமானது.

அக்டோபர் 9, வியாழன்

பேருந்தில் திரும்பும்போது எனக்கு முன்னால் முன்பின் தெரியாத ஒருவர். முதுகுப்பையில் ஆரஞ்சு நாடா ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற பெண், “இது எங்கங்க போட்டீங்க?” என்று கேட்டாள். அவர் வழி சொல்ல ஆரம்பித்தார் — மெயின் ரோடு, சந்து, மாடியில் பல் டாக்டர், அதற்கு நேர் கீழே. “அந்த ஆளு கொஞ்சம் பேச்சு ஜாஸ்தி. ஆனா வேலை சுத்தம்.”

முழுவதும் கேட்டுவிட்டுத்தான் இறங்கினேன். அதற்குள் என் நிறுத்தம் போய் ரெண்டு நிறுத்தம் ஆகியிருந்தது. நடந்தே வந்தேன்.

“ஏங்க இவ்வளவு லேட்டு?” என்றாள்.

கடை விஷயமாக என்றேன்.