தகட்டில் இருந்த பெயர்

என் வீட்டுக்காரிக்கு,

இதை நானே எழுதுகிறேன். முதியோர் எழுத்தறிவு வகுப்புக்குப் போனது வீண்போகவில்லை. போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீ மகள் வீட்டுக்குப் போனபின் நம் பழைய லாரியின் சாமான்களைக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பி பிரஷால் துருவைத் தேய்த்தேன். உன் பெயரை வெட்டச்சொல்லி முகப்பில் மாட்டிய இரும்புத் தகடும் துலங்கியது. எழுத்துக்கூட்டி வாசித்தேன். லீலாபாய்!

உடனே சைமனுக்குப் போன் செய்தேன். கோட்டாறு பட்டறையில் ஒரே நாளில் தகடு வாங்கிய, வாசிக்கத் தெரியாத இரண்டு டிரைவர்கள் நாங்கள். அவன் தன் தகட்டைப் பேரனை விட்டு வாசிக்கச் சொன்னான். “ஏலே மக்கா, எனக்க தகட்டுல உனக்க பெண்டாட்டி பேருல்லா கெடக்கு!” என்று கத்தினான். லீலாபாய் அவன் மனைவி. அன்றே தகடுகள் கைமாறிப்போயிருக்கின்றன.

லாரியில் ஏறச் சொன்னபோதெல்லாம், “அதுல ஏற வேற ஆளு இருக்குல்லா?” என்பாய். கிளீனரைச் சொல்கிறாய் என்று சிரிப்பேன். வாசிக்கத் தெரிந்த நீ, முப்பது வருடமாக அது யாரென்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயந்தாயா?

யாருமில்லை. ஒருநாளும் இருந்ததில்லை.

தகட்டின் மறுபக்கத்தையும் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருக்கிறேன். உன் பெயரை என் கையால் எழுத வேண்டும். பிழை வராமல் பார்க்க, வந்து பக்கத்தில் நில்.

உன் வீட்டுக்காரன்