பெட்டியின் முன்னால் வைத்த அட்டை

மார்ச் 6, வியாழன்

உணவு வங்கியில் இன்று 63 குடும்பங்கள். அரிசி, பருப்பு, பால்மாவு, டின் மீன். எண்ணெய் வரவில்லை.

அட்டை மேசை என்னுடையது. குடும்பத்துக்கு ஓர் அட்டை. வந்தால் ஒரு கோடு, வராவிட்டால் ஒரு வட்டம். தொடர்ந்து மூன்று வட்டம் விழுந்தால் அட்டையைக் கழித்துவிட்டு, காத்திருப்போரில் அடுத்தவரை அழைப்பது. இந்த விதியைச் சொன்னவனே நான்தான். நூலகத்தில் முப்பது வருடம் அட்டை அடுக்கிய கை அல்லவா. பொறுப்பாளரான நர்ஸம்மா எல்லார் முன்னாலும் பாராட்டினார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் இரண்டு தடவை சொன்னேன்.

இன்று பதினோராவது ஆளாக என் மேசை முன்னால் வந்து நின்றவள் என் தம்பியின் மனைவி.

அவள் என்னைப் பார்த்தாள். நான் பென்சிலைத் தேடுவதுபோல் மேசைக்கு அடியில் குனிந்தேன். பென்சில் என் காதில் இருந்தது. நிமிர்ந்தபோது அவள் இல்லை.

பெட்டியில் பார்த்தேன். எண் 118, தம்பியின் முகவரி, ஐந்து பேர். போன வாரம் நர்ஸம்மா எழுதிச் சேர்த்தது. சாயங்காலம் எல்லா அட்டைகளுக்கும் குறி போட்டேன். அதற்கும் ஒரு வட்டம். கை தானாகப் போட்டது.

மார்ச் 7

மனைவியிடம் சொன்னேன். கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"பாக்காத மாதிரி இருந்தீங்களா? கூடப் பொறந்தவன் பொண்டாட்டிங்க அவ."

அவளுக்குக் கூச்சமாக இருக்கும் என்று நினைத்தேன், என்றேன்.

"அவளுக்கா, உங்களுக்கா?"

நான் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன்.

ஆறு வருடம் முன்பு தம்பியின் கடை போனது. "கொஞ்ச மாசம் உன் வீட்டு மாடில இருந்துக்கட்டுமா அண்ணா" என்று கேட்டான். "யோசிச்சுச் சொல்றேன்டா" என்றேன். உண்மையாகவே யோசித்தேன். தண்ணீர் போதுமா, படி செங்குத்தாயிற்றே, பிள்ளைகள் விழுந்தால்... யோசித்து முடிப்பதற்குள் அவன் வேறு இடம் பார்த்துக்கொண்டான். அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

மார்ச் 13, வியாழன்

118 வரவில்லை. இரண்டாவது வட்டம்.

நர்ஸம்மா, "என்ன ஐயா, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றார். அது என் தம்பி குடும்பம் அம்மா — இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஐந்து வார்த்தை. "வெயில்" என்றேன். உணவு வங்கி நடக்கிற கிடங்குக்குள் வெயில் ஏது?

ஐந்து பேர். இரண்டு வாரம். எதை வைத்துச் சமைக்கிறாள்?

மார்ச் 16

மனைவியே எண்ணைப் போட்டு, போனை என் காதில் வைத்து அழுத்தினாள்.

"சொல்லு" என்றான் தம்பி.

"உடம்பெல்லாம் எப்படிடா?"

"இருக்கு."

"வர்ற வியாழக்கிழமை நான் அங்க இருக்க மாட்டேன்."

"எங்க?"

அவனுக்குத் தெரியாமல் அவன் மனைவி உணவு வங்கிக்கு வந்திருந்தால்? "சும்மா சொன்னேன்" என்று வைத்துவிட்டேன்.

"உங்களுக்கெல்லாம் வாய் எதுக்கு? பல்லு வைக்கவா?" என்றாள் மனைவி. ஆனாலும் செய்தி போய்விட்டது. தம்பி மனைவி காதில் விழுந்தால் புரிந்துகொள்வாள்.

மார்ச் 19, புதன்

நாளை என் மேசையில், சரக்கு கொண்டுவரும் லாரிக்காரர் உட்காருவார். எனக்கு இடுப்பு வலி என்று சொல்லியிருக்கிறேன்.

மதியம் போய் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்து வந்தேன். இரண்டு வட்டம் விழுந்த அட்டைகள் ஏழு. அவர் பழக்கமில்லாதவர், தேடுவார். அவர் தேடும் நேரமெல்லாம் தம்பி மனைவி அங்கே தலைகுனிந்து நிற்க வேண்டும். அதனால் ஏழையும் எடுத்துப் பெட்டியின் முன்னால் வைத்தேன். 118 முதலில்.

"இவர்கள் நாளை வரக்கூடும்" என்று ஒரு துண்டுச்சீட்டு எழுதி வைக்கலாமா என்று பார்த்தேன். யார் இவர்கள், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று லாரிக்காரர் கேட்பார். ஊருக்கே கேட்கிற குரல் அவருக்கு. எழுதவில்லை.

மார்ச் 20, வியாழன்

வீட்டில் இருந்தேன். பத்து மணி, பத்தரை, பதினொன்று. இந்நேரம் வாங்கியிருப்பாள். இன்று எண்ணெயும் வந்திருக்கும்.

"உக்காருங்க. நடந்து நடந்து தரை தேஞ்சிடப் போகுது."

இரண்டு வாரத்தில் முதல் தடவையாக வயிறாரச் சாப்பிட்டேன்.

மார்ச் 21, வெள்ளி

பெட்டியின் முன்பக்கம் காலியாக இருந்தது.

லாரிக்காரர் காபியோடு வந்தார். "ஐயா, நீங்க முன்னாடி எடுத்து வெச்சிருந்த ஏழையும் நேத்து காலைல வந்ததுமே கழிச்சிட்டேன். அடுத்த ஏழு பேருக்குப் போனும் போட்டாச்சு. உக்காந்த எடத்துல வேலையே இல்ல எனக்கு!"

கழிக்க வேண்டிய அட்டைகளைப் பெட்டியின் முன்னால் வைப்பது. பத்து மாதமாக ஒவ்வொரு வியாழன் மாலையும் நான் செய்கிற வேலை. வெள்ளிக்கிழமை முதலில் வருகிறவர் அவற்றை எடுத்துக் கழித்துவிடுவார். என் பழக்கம் அவருக்கு நினைவிருந்தது. எனக்கு இல்லை. மனம் முழுக்க 118-தான் இருந்தது, எங்கே வைக்கிறேன் என்று பார்க்கவில்லை.

அந்த ஏழு பேரில் யாராவது வந்தார்களா என்று கேட்டேன்.

"ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்தர் கன்னாபின்னான்னு கத்திட்டுப் போனார். ஒரு அம்மா 'யார் எடுத்தது'ன்னு மட்டும் கேட்டாங்க. எங்க ஐயா எடுத்து வெச்சா அது சரியாத்தாம்மா இருக்கும்னு சொன்னேன்."

மார்ச் 22

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 24

நர்ஸம்மாவிடம் சொன்னேன். எல்லாம் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா என்ன ஐயா? வாயத் தொறந்தா முத்து கொட்டிடுமா?"

ஏழு குடும்பத்துக்கும் அவரே போன் செய்தார். புதிதாக அழைத்தவர்களிடமிருந்து பிடுங்க முடியாது, அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். காலியாகும் இடங்களில் முதலில் இவர்களைச் சேர்ப்பதாகச் சொன்னார். ஆனால் ஒவ்வொரு குடும்பமும் படிவத்தில் மறுபடி கையெழுத்துப் போட வேண்டும். 118 மட்டும் போனை எடுக்கவில்லை.

"அது உங்க வேலை" என்று படிவத்தை என் கையில் கொடுத்தார். "நாலு வாரம் இடத்தைப் பிடிச்சு வைக்கிறேன். அதுக்கு மேல முடியாது. வரிசையில முப்பத்துநாலு பேர் நிக்கிறாங்க."

மார்ச் 25

போனேன். ஒரு பையில் அரிசி, எண்ணெய். இன்னொரு கையில் படிவம்.

தம்பி கதவைப் பாதி திறந்தான். இளைத்திருக்கிறான். சட்டை தோளில் நிற்கவில்லை. உள்ளே அடுப்பின்மேல் துவைத்த துணி காய்ந்துகொண்டிருந்தது.

"தெரியாம நடந்துடுச்சுடா."

"உனக்கு எதுதான் தெரிஞ்சு நடந்திருக்கு?"

"ஒரு கையெழுத்துப் போட்டா..."

"அவ மேசைக்கு முன்னாடி வந்து நின்னா அண்ணா. நீ குனிஞ்சுட்டியாம். சரி, நீ இல்லாத நாள் பாத்துப் போனா. அப்பவும் உன் பேரச் சொல்லித்தான் திருப்பி அனுப்பியிருக்காங்க." குரலை உயர்த்தவே இல்லை அவன். "உள்ள கூப்பிடணுமான்னு யோசிக்கிறேன். யோசிச்சுச் சொல்றேன், போயிட்டு வா."

பையைப் படியில் வைத்துவிட்டு வந்தேன். படிவத்தைக் கதவுக்கு அடியில் தள்ளினேன். உள்ளிருந்து யாரோ அதை வெளியே தள்ளினார்கள். சின்ன விரல்கள். சொல்லிக்கொடுத்துச் செய்திருப்பார்கள்.

ஏப்ரல் 3, வியாழன்

பழையபடி மேசையில். வேறு ஆள் இல்லை. இப்போது வருகிற ஒவ்வொருவரையும் நிமிர்ந்து பார்க்கிறேன். கழுத்து வலிக்கிறது. யாருக்கு என்ன லாபம்?

ஏப்ரல் 10, வியாழன்

வரவில்லை.

ஏப்ரல் 15

இந்தத் தடவை தம்பி வீட்டுக்கு மனைவி தனியாகப் போனாள். "நீங்க வராதீங்க, நீங்க வந்தா கதவு கூடப் பேசாது."

ஒரு மணி நேரத்தில் திரும்பினாள். செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றாள். வீடு பூட்டியிருக்கிறது. மனைவியையும் பிள்ளைகளையும் அவளுடைய அம்மா வீட்டில் விட்டுவிட்டுத் தம்பி எங்கேயோ வேலைக்குப் போய்விட்டானாம். எந்த ஊர் என்று பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தெரியவில்லை. அவளுடைய அம்மா வீடும் எங்களுக்குத் தெரியாது. கல்யாணத்துக்குப் போனதுதான், அதற்குப் பிறகு கேட்டுக்கொண்டதில்லை.

ஏப்ரல் 21

நான்கு வாரம் முடிந்தது. நர்ஸம்மா காத்திருப்போர் பட்டியலையும் போனையும் என் பக்கம் நகர்த்தினார். "நான் பேசவா?" என்றார். வேண்டாம் அம்மா, என்றேன்.

முதலில் தம்பியின் எண்ணைப் போட்டேன். மூன்று தடவை போட்டேன். அந்த எண் இப்போது இல்லையாம்.

பிறகு பட்டியலில் அடுத்த எண்ணைப் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். இடம் கிடைத்திருக்கிறது என்றேன். "நிஜமாவா சொல்றீங்க ஐயா?" என்று அழத் தொடங்கிவிட்டாள். "என்னைக்கு வரணும்?"

"வியாழக்கிழமை."

"அங்க வந்து யாரைப் பாக்கணும் ஐயா?"

என்னை, என்றேன்.