ஒரு பக்கம் மட்டும்

அன்புள்ள குண்டூசிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். தனியாக இருப்பது பழகிவிட்டது. காலையில் காபி, பிறகு தையல் மெஷின், கூடவே ரேடியோ. உப்பு கூடினாலும் முகம் சுளிக்க ஆளில்லை. பொய் சொல்லவில்லை, சந்தோஷமாகத்தான் இருக்கிறேன்.

நேற்று உன் மகள் கடைக்கு வந்தாள். உன் நீலச் சட்டையை நீட்டி, "இடது மார்புப் பக்கம் மட்டும் உள்ளே மெத்துனு துணி வச்சுத் தைக்கணும், பெரியம்மா. அம்மாவுக்குத் தெரியாமத்தான் வந்தேன்" என்றாள்.

முப்பது வருடமாகத் தைக்கிறவளுக்கு விளக்கம் வேண்டுமா? "எப்போ?" என்று மட்டும் கேட்டேன்.

"பெரியப்பா தவறின அதே வாரம்தான் ஆபரேஷன். 'அவளே இடிஞ்சு போயிருக்கா, இதையும் அவ தலையில ஏத்தாதே'ன்னு அம்மா சொல்லிட்டாங்க."

மூன்று வருடம்! அவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட வரவில்லையே என்று உன்னைத் திட்டாத நாளில்லை. நீ போன் செய்தபோதெல்லாம் எடுக்கவில்லை. தெருவில் நீ மெலிந்து நடந்து போனதைப் பார்த்தும் என்ன ஏதென்று கேட்கவில்லை.

உன் மகள் முன்னால் அழவில்லை. அவள் போன பிறகு ஊசியில் நூல் கோக்கத்தான் வெகுநேரம் ஆனது.

சட்டை தயார். தோலில் உறுத்தாதபடி தைத்திருக்கிறேன். ஆனால் உன் மகளிடம் கொடுத்தனுப்ப மாட்டேன். நீ போட்டுக் காட்டாமல் அளவு சரியென்று எப்படிச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வா.

வராவிட்டால், டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நானே உன் வாசலில் வந்து நிற்பேன்.

உன் பழைய பக்கத்து வீட்டுக்காரி