வெள்ளிக்கிழமை வயிற்றுவலி

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முடிச்சூரில் நல்ல மழை.

நம் பிள்ளை இரம் படிக்கும் பள்ளியில் கூப்பிட்டு அனுப்பினார்கள். அடிக்கடி லீவு போட்டால் தாய் தகப்பன் இருவரும் வரவேண்டுமாம். நான் மட்டும் போனேன்.

"வெள்ளிக்கிழமை மட்டும் உனக்கு ஏன் வயிறு வலிக்குது?" என்று டீச்சர் அவளையே கேட்டார்.

"அன்னிக்குத்தான் துபாய்ல அத்தாவுக்கு லீவு மிஸ். போன் பண்றப்போ நான் இல்லாட்டி தேடுவாங்கல்ல?"

நோன்புப் பெருநாளோடு உங்கள் போன் நின்றுபோனதை நான் சொல்லவில்லை. "அத்தா இனிமே ஞாயித்துக்கிழமைதான் பேசுவாங்க" என்றேன்.

இப்போது வெள்ளிதோறும் ஒழுங்காகப் பள்ளிக்குப் போகிறாள். ஞாயிறானால் தலைசீவி, போன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள்.

ஞாயிறு உங்களுக்கு வேலைநாள், தெரியும். என்னிடம் பேச வேண்டாம். போனை அவளே எடுப்பாள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா